கார்ப்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வியின் சாரம் இது. 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்ப்புரேட்டர் மாடல். அப்பா ஊட்டியில் ஓட்டிய கார், சென்ற ஆண்டு முதல் கோவையில் மகனிடம் இருக்கிறது. ஊட்டியில் இவ்வளவு தொல்லை இல்லை. காலையில் சோக் இழுத்தால் நன்றாகக் கிளம்புகிறது. எஞ்சின் சூடானதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தாறுமாறாக ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் சில சமயம் அணைந்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் சத்தம் மாறுகிறது. ஐடிலிங் ஸ்குரூவை முழுவதும் தளர்த்திய பிறகும் வேகம் குறையவில்லை. மெக்கானிக் இரண்டு முறை கார்ப்புரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு, இனி புதிதாக மாற்றினால்தான் சரியாகும் என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகள் கார்ப்புரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று நுழைவதைக் காட்டுகின்றன. அந்த ஓட்டை இருக்கும்வரை புதுக் கார்ப்புரேட்டர் போட்டாலும் இதே கதைதான் தொடரும்.

பெட்ரோல் எஞ்சின் காற்றைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் இயந்திரம். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் தகட்டுக்குக் கீழே, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் பலமான வெற்றிடம் உண்டாகும். இதைத்தான் மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். கார்ப்புரேட்டர் தன் வழியாகச் செல்லும் காற்றுக்கு மட்டுமே பெட்ரோல் கலந்து கொடுக்கும். கிழிந்த ஹோஸ் வழியாகவோ சிதைந்த கேஸ்கெட் (இணைப்புகளில் காற்றுப் புகாமல் அடைக்கும் தகடு) வழியாகவோ பக்கவாட்டில் நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. கணக்கில் வராத காற்று சேரச் சேரக் கலவை மெலிந்துபோகிறது. கசிவு சிறியதாக இருந்தால் ஐடிலிங் கூடும். பெரியதானால் எஞ்சின் நடுங்கும், கார்ப்புரேட்டர் வழியாகப் பின்னோக்கி வெடிக்கும், நின்றுவிடும். வேகத்தில் ஓட்டும்போது இதெல்லாம் தெரியாமல் போவதற்குக் காரணம், அப்போது த்ராட்டில் வழியாக உள்ளே போகும் காற்று மிக அதிகம். ஓட்டை வழியாக வருவது அதில் ஒரு சிறு பங்குதான். ஐடிலிங்கில் கெட்டு, ஓட்டத்தில் சரியாகும் எஞ்சினைப் பார்த்தால் முதல் சந்தேகம் கசிவின் மீதுதான் விழ வேண்டும்.

சோக் இழுத்திருக்கும்வரை நன்றாக ஓடுவதற்கும் இதுவே காரணம். சோக் கலவையைச் செறிவாக்குகிறது, கசிவால் வரும் மெலிவை அது மறைத்துவிடுகிறது. ஊட்டியில் இவ்வளவு தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் வியப்பில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உயரத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாத சாதாரணக் கார்ப்புரேட்டர் அங்கே தானாகவே செறிவான கலவையைக் கொடுக்கும். கசிவு அங்கேயே தொடங்கியிருக்கலாம். மலையின் செறிவு அதை மூடியிருக்கும். கோவைக்கு இறங்கியதும் மூடி விலகிவிட்டது. ஊட்டிக்கு ஏற்றபடி, ஐடிலிங்கில் கலவையின் செறிவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை யாராவது இறுக்கி வைத்திருந்தால் மெலிவு இன்னும் கூடும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 14.7 அல்ல, ஏறத்தாழ 13.5 பங்குதான். பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டை 1998-இல் துளையிட்டபோது இது தெரியாது. ஆகவே உங்கள் கார் கசிவே இல்லாவிட்டாலும் சற்று மெலிந்துதான் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு பொறுத்துக்கொண்ட சிறு கசிவை இப்போது பொறுக்க முடியாமல் போவது இதனால்தான்.

வெறும் மெலிவு என்றால் ஐடிலிங் குறைந்து எஞ்சின் அணையும், அவ்வளவுதான். உங்கள் காரில் ஸ்குரூவை முழுவதும் தளர்த்தியும் வேகம் குறையவில்லை. த்ராட்டில் மூடிய பிறகும் எஞ்சினுக்கு எங்கிருந்தோ காற்று கிடைக்கிறது என்று அதற்குப் பொருள். ஸ்குரூவைத் தளர்த்தியதால் இன்னொரு கேடும் சேர்ந்திருக்கிறது. த்ராட்டில் தகட்டின் ஓரத்தை ஒட்டிச் சில நுண்துளைகள் உண்டு. தகடு அளவுக்கு மேல் மூடினால் அவை வெற்றிடம் படாமல் போய்விடும், அவற்றின் வழியே வர வேண்டிய பெட்ரோலும் நின்றுவிடும். கசிவால் கூடிய வேகத்தை ஸ்குரூவால் குறைக்கப் பார்ப்பது இப்படித்தான் நோயை வளர்க்கிறது. பட்டறைகளில் நான் அதிகம் வருந்துவது இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான். காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யும்வரை ஐடிலிங் ஸ்குரூ, மிக்சர் ஸ்குரூ இரண்டையும் யாரும் தொடக்கூடாது.

சோதனைக்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா, சோக் நெம்பு முழுவதும் திரும்பி வருகிறதா, ஏசி உள்ள கார் என்றால் ஏசிக்காக ஐடிலிங்கை உயர்த்தும் டயாபிரம் (வேக்குவத்தால் அசையும் ரப்பர் சவ்வு) ஏசி அணைந்திருக்கும்போதும் நெம்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் எது சிக்கியிருந்தாலும் வேகம் குறையாது. பிறகு சாவியை ஆன் செய்து, ஐடிலிங் பெட்ரோலை அடைக்கும் சோலனாய்டு என்ற மின்சார வால்வு கார்ப்புரேட்டரில் இருந்தால் அது டக்கென்று ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். அதன் ஒயர் கழன்றிருந்தாலும் கார் சிக்னலில் அணையும். இதைக் கசிவு என்று நினைத்து மேனிஃபோல்டைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இனி கசிவைத் தேடுவோம். பலர் ஒவ்வொரு ஹோஸாகத் தடவிப் பார்த்து அரை நாளைத் தொலைப்பார்கள். அதைவிட நல்ல வழி, பிரச்சினையை முதலிலேயே இரண்டாகப் பிளப்பது. எஞ்சினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டிலிருந்தும் கார்ப்புரேட்டரின் அடிப்பகுதியிலிருந்தும் கிளம்பும் எல்லா வேக்குவம் ஹோஸ்களையும் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஹோஸ் மாட்டியிருந்த சிறு குழாய் முனையான நிப்பிள் ஒவ்வொன்றையும் ரப்பர் மூடியால் அடையுங்கள். மூடி கிடைக்காவிட்டால் சிறிய ஹோஸ் துண்டின் ஒரு முனையில் போல்ட்டைத் திணித்து மறு முனையை நிப்பிளில் செருகினால் போதும். வேக்குவத்தைக் கொண்டு பிரேக் மிதிப்பை எளிதாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள மாடலில் அதன் தடித்த ஹோஸையும் இப்படியே அடைக்க வேண்டும். அந்த நிலையில் பிரேக் உதவி இருக்காது, ஆகையால் காரை அங்குலம்கூட நகர்த்தக்கூடாது. நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்போது ஐடிலிங் சீரானால் குற்றவாளி கழற்றிய ஹோஸ்களில் ஒன்று, அல்லது அந்த ஹோஸ் போய்ச் சேரும் கருவிகளில் ஒன்று. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எதை மாட்டியதும் எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே நில்லுங்கள். எல்லாவற்றையும் அடைத்த பிறகும் தடுமாற்றம் மாறவில்லை என்றால் ஹோஸ்களை மறந்துவிடலாம். கோளாறு கேஸ்கெட்டிலோ, கார்ப்புரேட்டரின் அடித்தளத்திலோ, த்ராட்டில் தகடு சுழலும் தண்டிலோ இருக்கிறது.

பிரேக்கை மிதித்தால் சத்தம் மாறுகிறது என்ற உங்கள் குறிப்பை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது பூஸ்டரைத்தான். எஞ்சின் அணைந்த நிலையில் பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை. மிதித்துக்கொண்டிருக்கும்போது பெடலருகே தொடர்ந்து உஸ்ஸென்று காற்றோசை கேட்டால் உள்ளேயுள்ள டயாபிரம் கிழிந்திருக்கிறது. ஹோஸிலுள்ள ஒருவழி வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டுமே காற்று போக வேண்டும், இரு பக்கமும் போனால் அது கெட்டுவிட்டது. டயாபிரம் கிழிந்திருந்தால் பூஸ்டரையே மாற்றுவது நல்லது. எஞ்சினின் மற்றக் கசிவுகளைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. குறிப்பாக மறுபடி ஊட்டி மலைப்பாதையில் இறங்கும் எண்ணம் இருந்தால்.

அடுத்தது எஞ்சின் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி வால்வும் அதன் ஹோஸும். இந்த ஹோஸ் எண்ணெய் ஆவியில் ஊறி உட்புறம் களிபோலக் குழைந்துவிடும். மேலே பார்த்தால் நல்லதாகத் தெரியும், வளைவின் அடிப்பக்கம் பிளந்திருக்கும். கண்ணை நம்பாமல் விரலால் தடவுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையமும் டிப்ஸ்டிக்கின் வளையமும் காய்ந்திருந்தால் அந்த வழியாகவும் காற்று உள்ளே போகும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல கார்ப்புரேட்டர்களில் அது த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலேயுள்ள துளையிலிருந்து கிளம்பும். ஐடிலிங்கில் அங்கே வெற்றிடம் ஏறக்குறைய இருக்காது. ஆகவே அது கிழிந்திருந்தாலும் ஐடிலிங் கெடாது. சாலையில் பிக்கப்பும் மைலேஜும்தான் குறையும். ஹோஸின் ஒரு முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டால் டயாபிரம் நன்றாக இருக்கிறது, நழுவினால் கிழிந்திருக்கிறது.

கேஸ்கெட் பக்கம் என்று தெரிந்தால் சோதனைக்குத் தண்ணீரே போதும். துணி தேய்க்கும்போது பயன்படுத்தும் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்ப்புரேட்டர் அடித்தளத்தைச் சுற்றியும், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் கோட்டிலும் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைப்பதால் எஞ்சினின் ஒலி மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஒயர் பக்கம் தண்ணீர் போகக்கூடாது. அங்கே பட்டு எஞ்சின் தடுமாறினால் தவறான இடத்தைக் குற்றம் சொல்லிவிடுவோம். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினால் காற்று சீறும் இடம் துல்லியமாகக் கேட்கும். இரைச்சலான சாலையோரத்தில் இது உதவாது. அதிகாலையில் வீட்டு வாசலில் செய்தால் நன்றாகப் பயன்படும்.

கார்ப்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்து வேகம் கூடுகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். அது வேலை செய்யும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் திரவம், சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் போதும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊதுபத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கனலும் நெருப்பைக் கொண்டுபோவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சமையல் எரிவாயுவை விட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். நகரத்துப் பட்டறைகள் சிலவற்றில் புகைச் சோதனை இயந்திரம் இருக்கிறது. எஞ்சின் அணைந்த நிலையில் மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கிறார்கள். கார்ப்புரேட்டர் வண்டியில் முதலில் அதன் வாயை நன்றாக அடைத்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

எந்தச் சோதனையானாலும் தொங்கும் உடைகளோடு பானெட்டுக்குள் குனியாதீர்கள். ரேடியேட்டர் மின்விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும்.

வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கோவையில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் இதே எஞ்சின் 12 காட்டினாலும் நோயில்லை. கோவையில் 12 காட்டினால் நோய்தான், ஆனால் என்ன நோய் என்பதைக் கேஜ் மட்டும் சொல்லாது. பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் முள் தாழ்ந்தே நிற்கும். எனவே நிப்பிள்களை அடைக்கும் சோதனையோடு சேர்த்தே கேஜைப் படிக்க வேண்டும். புகைச் சான்றிதழ் எடுத்தபோது கிடைத்த தாளையும் எடுத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மிக அதிகமாகவும் இருந்தால், மெலிந்த கலவை பற்றாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். பலர் கையில் இந்தச் சாட்சி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

சரிசெய்யும் வேலையில் ஹோஸ் மாற்றுவது எளிது. ஒன்று கிழிந்திருந்தால் அதே வயதுடைய மற்றவையும் கிழியக் காத்திருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மீன்தொட்டிக் குழாயையும் சலைன் குழாயையும் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் அது இளகி, உறிஞ்சலில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். வேக்குவத்துக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸை நிப்பிளின் அளவைப் பார்த்து வாங்குங்கள். பூஸ்டருக்கு உள்ளே நூல்வலை உள்ள கெட்டியான ஹோஸ் மட்டுமே பொருந்தும்.

கார்ப்புரேட்டர் அடித்தளத்தில்தான் பொறுமை வேண்டும். கார்ப்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பம் ஏறாமல் தடுக்கும் தடித்த கட்டை ஒன்று இருக்கும், அதன் இரு பக்கமும் கேஸ்கெட். இரண்டு முறை கழற்றி மாட்டியபோது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கழற்றியதும் கட்டையில் விரிசல் இருக்கிறதா, கார்ப்புரேட்டரின் அடித்தட்டு வளைந்திருக்கிறதா என்று எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த மென்மையான உலோகம் வளைந்துவிடும்; கசிகிறது என்று மேலும் இறுக்க இறுக்க இன்னும் வளையும். வளைவு சிறிதாக இருந்தால் தட்டையான கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து, அடித்தட்டை எட்டு (8) வடிவில் தேய்த்துச் சமன் செய்யலாம். புதிய கேஸ்கெட்டைப் பேஸ்ட் எதுவும் தடவாமல் போடுங்கள். சாதாரண சிலிகான் பேஸ்ட் பெட்ரோல் பட்டால் ஊதி உரிந்து உள்ளே போகும். நட்டுகளை மாற்றி மாற்றி, பல சுற்றில், சீராக இறுக்குங்கள்.

மேனிஃபோல்டு கேஸ்கெட் என்றால் முதலில் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், பல நேரங்களில் அதுவே போதும். கழற்றத்தான் வேண்டும் என்றால் எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகே தொடங்குங்கள். மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடும் எஞ்சின் என்றால் அதை வடித்துவிட்டுக் கழற்றுங்கள்.

த்ராட்டில் தண்டு தேய்ந்திருப்பதுதான் கடினமான வழக்கு. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், அதன் மேல் தண்ணீர் தெளிக்கும்போது ஐடிலிங்கும் மாறினால், தண்டைச் சுற்றிக் காற்று நுழைகிறது. நல்ல லேத் பட்டறையில் துளையைக் கடைந்து பித்தளைப் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போட்டுத் தருவார்கள். கோவையில் இந்த வேலைக்குக் கை தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. புஷ் போட முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டுமே உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, கார்ப்புரேட்டரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை அவர் கழுவிய முதல் நாளிலேயே பார்த்திருக்க முடியும்.

இதே மாருதி 800-இன் எம்பிஎஃப்ஐ மாடல் (கார்ப்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிப்பது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. கசிவால் அழுத்தம் உயர்ந்தால் கணினி அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ஆகவே அங்கே நடுக்கத்தைவிட, குறையாத உயர்ந்த ஐடிலிங்தான் முதல் அறிகுறி. அந்தச் சென்சாருக்கு ஹோஸ் இருந்தால் அதையும், இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களையும் முதலில் பாருங்கள். 2010-க்கு முந்தைய பல கார்களில் சந்தையில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்கள் பேசாது, மேலே சொன்ன கைவேலைதான் துணை.

கசிவு அடைபட்ட பிறகே டியூனிங். எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுழன்று நிற்கட்டும். விளக்கும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும். டைமிங் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஐடிலிங் ஸ்குரூவைச் சற்று உள்ளே திருப்பி எஞ்சின் நிற்காமல் ஓடும்படி வையுங்கள். பிறகு மிக்சர் ஸ்குரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, கேஜின் முள் எங்கே மிக உயரத்தில் நிற்கிறதோ அங்கே விடுங்கள். எத்தனால் பெட்ரோலுக்கு அது பழைய கணக்கைவிடக் கொஞ்சம் வெளியே வந்து நிற்கும், அது இயல்பு. கடைசியாக ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். மிக்சர் ஸ்குரூவைத் திருப்பும்போது எஞ்சின் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் மாற்றமே இல்லை என்றால் இன்னொரு கசிவு மீதமிருக்கிறது, அல்லது ஐடிலிங் ஜெட் அடைபட்டிருக்கிறது. அப்போது நிப்பிள்களை அடைக்கும் சோதனைக்கே திரும்பிப் போங்கள்.